கைமாறி வந்த வெளிச்சம்

பாரதியின் ஒளிப்படங்கள் என்று நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்தே ஐந்து. புதுச்சேரியில் இரண்டு, காரைக்குடியில் இரண்டு, சென்னையில் ஒன்று. 1918ஆம் ஆண்டின் இறுதியில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி, அதன்பின் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் செல்லம்மாவின் ஊரான கடையத்தில்தான் குடியிருந்தார். ஆயினும் ராமநதியும் ஜம்புநதியும் பாயும் அந்த ஊரின் தெருவிலோ திண்ணையிலோ அவர் நிற்கும் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. கடையத்தில் வாழ்ந்த காலத்தில் பாரதி எப்படியிருந்தார் என்று அறிய, 1919இல் அவர் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குச் சென்றபோது எடுக்கப்பட்ட படங்களையே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. வறுமை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் செல்வந்தர்களுக்கும் அக்காலத்தில் இந்தப் பக்கத்தில் படம் அரிதாகவே வாய்த்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காமிராவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவியையும் கலைஞனையும் பற்றியே எழுதுகிறார்கள். வெளிச்சத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஒரு நிலப்பகுதியில் எப்போது, யாருடைய முகம் படமாகிறது என்பதைத் தீர்மானிப்பதில் வில்லைக்கு இருக்கும் பங்கைவிட வெளிச்சத்துக்கு இருக்கும் பங்கு பெரிது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை, ஸ்டூடியோவின் வெளிச்சம் ஏறக்குறைய எப்போதுமே கைமாறி வந்த வெளிச்சம். வேறெங்கோ புதிதாக இருந்து, பழையதாகி, பிறகு இங்கே வந்து சேர்ந்தது. இப்போது அதுவே மறுபடியும் செகண்ட் ஹாண்ட் விலைக்கு வருகிறது. அதை வாங்கப் போகிறவர்களுக்கு, வாங்கும் பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றொன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1857-58இல் தெற்கு நோக்கிப் பயணம் செய்தார். அவர் வெளியிட்ட தொகுதிகளில் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை எல்லாம் உண்டு. நெல்லைச் சீமை இல்லை. அரை நூற்றாண்டு கழித்து 1909இல் ஏமி கார்மைக்கேல் வெளியிட்ட ‘லோட்டஸ் பட்ஸ்’ நூலில் டோனாவூர்க் குழந்தைகளின் படங்கள் நிறைய இருக்கின்றன. இன்று பார்த்தாலும் மனத்தை விட்டு அகலாத படங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் உதகமண்டலத்தில் ஸ்டூடியோ நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென். களக்காட்டுக்கு அருகிலிருக்கும் ஓர் ஊரின் குழந்தைகளைப் படமெடுக்க நீலகிரியின் கலைஞர் தேவைப்பட்டார் என்பது அந்நாளைய நிலைமையை ஓரளவு சொல்லிவிடுகிறது. அப்படங்களில் வெளிச்சம் முழுக்க வானத்தினுடையது. மர நிழல், தாழ்வாரம், வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் ஆகியவையே அங்கு விளக்குகள்.

வானத்தை நம்பிய ஸ்டூடியோவுக்கு ஐரோப்பியக் கையேடுகள் ஒரு விதி வகுத்திருந்தன. கண்ணாடிக் கூரையும் கண்ணாடிச் சாளரமும் வடக்கு நோக்கி இருக்க வேண்டும். வடக்கிலிருந்து நேர்வெயில் வராது, ஆகையால் நாள் முழுதும் ஒரே சீரான மென்னொளி கிடைக்கும் என்பது கணக்கு. லண்டனுக்கும் பாரிஸுக்கும் அது சரி. திருநெல்வேலி ஒன்பது பாகைக்கும் குறைவான அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் வடபுறம் சாய்ந்துவிடுகிறது. ஆவணி நடுவில்தான் மறுபடியும் தெற்கே திரும்புகிறது. ஆண்டில் நான்கரை மாதம், அதுவும் கல்யாண மாதங்களான வைகாசியும் ஆனியும் உள்ளடங்க, வடக்குச் சாளரம் நேர்வெயிலைத்தான் உள்ளே விடும். ஆகவே கையேட்டை அப்படியே பின்பற்றியவன் வியர்த்துப்போயிருப்பான். மல் துணியைக் கூரையடியில் இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டி, கயிற்றால் இழுத்தும் தளர்த்தியும் வெயிலை வடிகட்டுவதே இங்கே தொழில். பழைய படங்களில் பெரியவர்களின் முகத்தில் தெரியும் அந்த இறுக்கத்தை மரியாதை என்றும் அச்சம் என்றும் விளக்குகிறோம். சூட்டையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வானம் இல்லாத இடத்துக்கு மக்னீசியம் வந்தது. 1864இல் மான்செஸ்டரில் ஆல்ஃபிரட் பிரதர்ஸ் மக்னீசியக் கம்பியை எரித்துப் படமெடுத்தார். 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹானஸ் கேடிக்கேயும் மக்னீசியத் தூளோடு உப்புகளைக் கலந்து ஒரே நொடிப்பில் எரியும் வெடித்தூளை உருவாக்கினார்கள். தட்டில் கொட்டிப் பற்றவைத்தால் பளீரென்று வெண்ணொளி. தொடர்ந்து கூரை வரை வெண்புகை. ஓர் அறையில் ஒரு படம்தான் எடுக்க முடியும். அடுத்த படத்துக்குப் புகை கலையும் வரை காத்திருக்க வேண்டும். கூரை வேய்ந்த கல்யாணப் பந்தலில் இதைக் கொளுத்துவதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. ஒரே தடவை எரியும் கண்ணாடி பல்பு 1929இல் ஜெர்மனியில் வந்தது. அதுவும் ஒரு படத்துக்கு ஒரு பல்பு என்ற செலவுக் கணக்கு கொண்டது. சிற்றூர் ஸ்டூடியோவின் வருமானத்துக்கு அது கட்டுபடியாகக்கூடியதன்று.

இந்த இடத்தில்தான் ஆறு உள்ளே வருகிறது. பாபநாசத்தில் தாமிரபரணி மலையிறங்கும் வேகத்தை முதலில் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்கள் ஹார்வி சகோதரர்கள். 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் அமைந்த அவர்களுடைய பஞ்சாலை நீர்விசையால் ஓடியது. மின்சாரம் பின்னால் வந்தது. சென்னை மாகாணத்தில் பைக்காரா 1932இல், மேட்டூர் 1937இல், பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல். உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எழும்பிய அந்த நிலையம் நெல்லைச் சீமையின் அன்றாடத்தை எவ்வளவு மாற்றியது என்பதற்குத் தனி நூல் எழுத வேண்டும். கிணற்று மோட்டாரையும் சினிமாக் கொட்டகையையும் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஸ்டூடியோவைப் பற்றி எழுதியவர் அரிது. கம்பி வந்த ஊரில் ஸ்டூடியோ பகலிலிருந்து விடுபட்டது. கண்ணாடிக் கூரை தேவையில்லை. நாற்புறமும் அடைத்த அறை போதும். டவுன் ரத வீதிகளிலும் பாளையங்கோட்டைக் கடைத்தெருவிலும் மாடிப்படி ஏறிச் சென்றால் ஒரு நீள அறை, அதில் ஐந்நூறு வாட், ஆயிரம் வாட் பல்புகள் பொருத்திய தகரக் குடுவைகள் என்ற அமைப்பு இப்படித்தான் பரவியது. கடையை அடைத்துவிட்டு வரும் வியாபாரியும், ஆலைப் பணி முடிந்து வரும் தொழிலாளியும் இரவில் வந்து உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ள முடிந்தது அதன் பிறகே. பகலில் வேலை செய்கிறவனுக்குப் படம் கிட்டியது மின்சாரத்தால்தான் என்று சொல்வது மிகையாகாது.

அறையின் பின்திரையும் கைமாறி வந்ததே. ஓவியர் சி. கொண்டையராஜு (1898-1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர். 1940களில் குழு கலைந்தபின் கோவில்பட்டியில் தங்கினார். அன்று கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; 1986இல்தான் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது. அவரும் அவருடைய மாணவர்களும் சிவகாசி அச்சகங்களுக்காக எழுதிய தெய்வப் படங்கள் நாலாயிரம் பேர் அறிந்த வரலாறு. நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. நாடக மேடையின் அரண்மனைத் தூண்கள், படிக்கட்டு, ஏரி, நிலா ஆகியவை அப்படியே சிறிய அளவில் ஸ்டூடியோவின் பின்சுவருக்கு இறங்கி வந்தன. மேடையில் ராஜபார்ட் நின்ற இடத்தில் வெற்றிலைக் கொடிக்கால்காரர் நின்றார். கைப்பிடி தேய்ந்த நாற்காலி, காகிதப் பூஞ்சாடி, ஓடாத கைக்கடிகாரம் முதலியவற்றை ஸ்டூடியோவே கொடுத்தது. ஒரே கடிகாரம் எத்தனை மணிக்கட்டுகளில் ஏறியிருக்கிறது என்று ஒரு ஸ்டூடியோவின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும்.

வெளிச்சத்தைப் பேசும்போது நிறத்தைப் பேசாமல் போவது நாணயமன்று. ஆரம்பகாலத் தகடுகளும் பிலிம்களும் சிவப்பொளியை உணராதவை. மாநிறத் தோலில் சிவப்பின் பங்கு மிகுதி. ஆகவே அவை அத்தோலை உள்ளதைவிடக் கறுப்பாகக் காட்டின. அதே காரணத்தால் அக்காலப் படங்களில் குங்குமம் கரும்பொட்டாகத் தெரியும். வாடிக்கையாளருக்கு இந்த வேதியியல் தெரியாது. ‘என்ன இப்படிக் கறுப்பாக எடுத்துவிட்டீர்கள்’ என்ற ஒரே குறைதான் தெரியும். அதற்கு ஸ்டூடியோக்காரர் கண்ட வழிகள் மூன்று: முகத்தில் பவுடர், நெகட்டிவில் பென்சில், முன்னாலிருந்து நேராக அடிக்கும் கூடுதல் வெளிச்சம். மூன்றாவது வழி முகத்தின் மேடுபள்ளங்களை அழித்துத் தட்டையாக்கிவிடும். பிற்காலத்தில் எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் வந்தபோது நம்மவர்கள் அதை உடனே விரும்பியதற்கு இந்த வெளுப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். பெண் பார்க்கக் கொடுத்தனுப்பும் படம் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானித்த நாட்களில், விளக்கின் கோணம் அழகியல் பிரச்சினை மட்டுமன்று. இதற்காக ஸ்டூடியோக்காரரைக் குற்றம் சொல்வது எளிது. கேட்டது நாம்.

எலெக்ட்ரானிக் ஃபிளாஷின் அடிப்படையை 1931இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன் அமைத்தார். மின்தேக்கி ஒன்றில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, வாயு நிறைத்த கண்ணாடிக் குழாய் வழியாக அதை ஒரே நொடிப்பில் கொட்டுவது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி போதும். புகையில்லை, பல்பு எரிந்துபோவதில்லை, சூடும் குறைவு. 1960களில் பிரிட்டனின் போவென்ஸ், சுவிட்சர்லாந்தின் எலிங்க்ரோம் போன்ற நிறுவனங்கள் இதை ஸ்டூடியோவுக்கு ஏற்ற விளக்குகளாக விற்கத் தொடங்கின. மின்தேக்கி, குழாய், கட்டுப்பாடு அனைத்தும் ஒரே உடலுக்குள் அடங்கிய, சுவரிலிருக்கும் மின்செருகியில் நேரடியாக மாட்டக்கூடிய விளக்கு சிறிய ஸ்டூடியோவுக்கென்றே பிறந்தது போலிருந்தது.

ஆனால் அது நம் சிறிய ஸ்டூடியோவுக்கு எட்டவில்லை. 1991 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கமும் அத்தகையவை. பிலிமும் தாளுமாவது உதகையிலிருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியபின் ‘இந்து’ என்ற பெயரில் கிடைத்தன. நல்ல விளக்குக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. எனவே அது இறங்கி இறங்கி வந்தது. சென்னையில் விளம்பரப் படமெடுத்த ஒருவர் புதியது வாங்கும்போது பழையதை விற்பார். அது மூர் மார்க்கெட் போன்ற ஓரிடத்துக்கு வரும். (மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தது. பழைய புத்தகங்களுக்காக அதை நினைத்து ஏங்கும் நண்பர்கள் நம்மிடையே பலர். பழைய காமிராக்களுக்காக ஏங்குகிறவர்களும் உண்டு.) 1969இல் தொடங்கிய பர்மா பஜார் இன்னொரு வாசல். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவரின் பெட்டி மூன்றாவது வாசல். மதுரைக்காரர் வாங்கி ஐந்தாண்டு புழங்கியது பிறகு திருநெல்வேலிக்கு. ஜங்ஷன் பக்கத்து ஸ்டூடியோ கைவிட்டது அம்பாசமுத்திரத்துக்கோ ஸ்ரீவைகுண்டத்துக்கோ. ஒவ்வொரு படியிலும் ஏதாவதொன்று மாற்றப்பட்டிருக்கும். அசல் குழாய் போய் வேறு குழாய், அசல் குடை போய் உள்ளூர்த் தையற்காரர் தைத்த வெள்ளைக் குடை. அம்பாசமுத்திரத்து விளக்கின் உடம்பில் மூன்று ஊர் ரேடியோ மெக்கானிக்குகளின் ஈயப்பற்று இருந்தால் அதில் வியப்பதற்கில்லை.

இந்த இறங்குமுகத்தில் ஒரு சிறு உறுப்பு அடிக்கடி தொலைந்துபோனது: மாடலிங் பல்பு. ஃபிளாஷ் வெட்டும்போது நிழல் எங்கே விழும் என்பதைக் கண்ணால் முன்கூட்டிப் பார்க்க முடியாது. அதற்காகக் குழாயின் நடுவில் சாதாரண பல்பு ஒன்று தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கும். அது எரிந்துபோனால் சரியான மாற்று இங்கே கிடைக்காது. கிடைக்காததால் இல்லாமலே பழகிக்கொண்டார்கள். முகம் மட்டும் எடுக்கும் படத்துக்கு இதனால் பெரிய கேடில்லை. பூச்சடைப் படத்துக்கு உண்டு.

பூச்சடைப் படம் என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சடங்கான பெண்ணுக்கும் வளைகாப்புப் பெண்ணுக்கும் மல்லிகையும் கனகாம்பரமும் தாழம்பூவும் வைத்துத் தைத்த சடையைப் படத்தில் காட்டியாக வேண்டும். முகமும் தெரிய வேண்டும். ஆகவே பின்னால் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியைக் காமிராவுக்கு நேர் எதிராக வைத்தால் காமிராவும் படமெடுப்பவரும் உள்ளே தெரிவார்கள், விளக்கும் வெட்டும். சற்றே திருப்பினால் சடை தெரியும், ஆனால் அறையின் மறுமூலையில் இருக்கும் ஸ்டாண்டு, ஒயர், எட்டிப் பார்க்கும் அத்தை எல்லாரும் தெரிவார்கள். பழைய ஆயிரம் வாட் பல்பு நாளில் இது தலைவலியன்று. எரியும் விளக்கின் பிரதிபலிப்பைக் காமிரா வழியே பார்த்தபடியே நகர்த்திக்கொள்ளலாம். மாடலிங் பல்பு இல்லாத ஃபிளாஷில் எல்லாம் ஊகம். படம் கழுவி வரும்போதுதான் கண்ணாடியில் வெண்சூரியன் ஒன்று வெடித்திருப்பது தெரியும். அப்போது பூ வாடி, பெண் வீட்டுக்குப் போயிருப்பாள். ஆகவே அனுபவசாலிகள் தரையில் சுண்ணாம்பால் குறி போட்டு வைத்திருந்தார்கள்: கண்ணாடிக்கு ஒன்று, பெண் நிற்க ஒன்று, விளக்குகளுக்கு இரண்டு. படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திராதவர்கள் அதைத் தரையில் எழுதிவைத்திருந்தார்கள். மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவின் சிமெண்டுத் தரையில் பெயிண்டால் இட்ட அத்தகைய குறிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். இப்போது அங்கே செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்கிறார்கள்.

அதன்பின் நடந்தது அனைவரும் அறிந்ததே. டிஜிட்டல் காமிரா, தொடர்ந்து செல்பேசி. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவட்டங்களில் பல மணிநேரம் நீடித்த மின்வெட்டும் ஸ்டூடியோக்களைச் சோர்வடையச் செய்தது. பாபநாசத்தின் மடியிலிருக்கும் ஊர்களுக்கும் அதில் விலக்கில்லை. கல்யாணப் படப்பிடிப்புக்கு மாறியவர்கள் பிழைத்தார்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்தை மட்டும் நம்பியவர்கள் ஜெராக்ஸ் மெஷினை உள்ளே கொண்டுவந்தார்கள். போவென்ஸ் நிறுவனமே 2017இல் மூடப்பட்டுவிட்டது. விந்தை என்னவென்றால், அதன் விளக்குகளில் குடைப்பெட்டியை மாட்டுவதற்கு அமைந்திருந்த மூன்று கொக்கி வளையம் மட்டும் சாகவில்லை. இன்று சீனாவிலிருந்து வரும் புதிய விளக்குகளில் பெரும்பகுதி அதே வளையத்தோடுதான் வருகிறது. ஆகையால் முப்பதாண்டுப் பழைய விளக்கு வாங்கினாலும் புதிய துணைப்பொருள்களை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

நாங்கள் சிலர், கல்லூரிப் பணி போக எஞ்சும் நாட்களில், குடும்பப் படங்களைப் படியெடுத்துச் சேர்த்துவருகிறோம். அதற்காக ஒரு ஜோடி ஸ்டூடியோ ஃபிளாஷ் தேடியபோது அறிந்துகொண்ட சில செய்திகளை இங்கே சொல்வது பயன்படக்கூடும். முதலாவது மின்தேக்கி, கடைக்காரர் மொழியில் கண்டென்சர். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்த கண்டென்சரின் உள்ளிருக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலம் நலிந்துபோயிருக்கும். வாங்கியதும் முழு விசையில் வெட்டிப் பார்த்தால் புகைந்து வெடிக்கலாம். மிகக் குறைந்த அளவில் வைத்து, மணிக்கணக்கில் மின்சாரம் கொடுத்து, மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சி கொடுப்பது போலத்தான். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் நிற்கும். மூடியைத் திறப்பது தொழில் தெரிந்தவர் வேலை. இரண்டாவது, குழாயின் இரு முனைகளும் கறுத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. கறுப்பு, அதன் வயது. மூன்றாவது, காமிராவோடு இணைக்கும் கம்பி. சில பழைய ஃபிளாஷ்களின் இணைப்பு முனையில் இருநூறு வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். அன்றைய காமிராவில் அது இரும்புத் தொடுமுனை, தாங்கியது. இன்றைய காமிராவின் மின்னணுச் சுற்று கருகிவிடும். ஒயரை ஒதுக்கிவிட்டு ரேடியோ விசையால் இயக்குவது நல்லது. குடைத்துணி மஞ்சளித்திருந்தால் படமும் மஞ்சளிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு பழைய ஸ்டூடியோவில் இவற்றையெல்லாம் சோதித்து முடித்து விலை பேசிக்கொண்டிருந்தபோது, பரணில் அடுக்கியிருந்த மஞ்சள் அட்டைப் பெட்டிகளைக் காட்டி, ‘அண்ணாச்சி, அதெல்லாம் நெகட்டிவா?’ என்று கேட்டோம். ‘லைட்டு கேட்டு வந்துட்டுக் குப்பையைக் கேக்கியளே சார்’ என்றார். அவர் சிரிக்கவில்லை. நாற்பதாண்டு உழைப்பைக் குப்பை என்று சொல்வதற்கு முன்னால் அவர் அதைப் பலமுறை தமக்குத் தாமே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

நெகட்டிவுக்கு என்ன நேர்கிறது என்பது பழைய ஸ்டூடியோக்களைச் சுற்றியவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தகடாக இருந்தால், மேலிருக்கும் படலத்தை வெந்நீரில் சுரண்டிவிட்டு வெறும் கண்ணாடியாக்கிச் சாமி படங்களுக்குச் சட்டமிடுவார்கள். கறுப்பு வெள்ளை பிலிமாக இருந்தால் அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போகும். வண்ண நெகட்டிவில் கழுவும்போதே வெள்ளி நீங்கிச் சாயம் மட்டும் நிற்பதால் அதை எடைக்குக்கூட யாரும் கேட்பதில்லை, கொளுத்திவிடுகிறார்கள். விளக்குக்கு விலை உண்டு, காமிராவுக்குக் காட்சிப்பொருளாகவேனும் விலை உண்டு. அவை உண்டாக்கிய முகங்களுக்கு மட்டும் சந்தை இல்லை. ஆகவே ஸ்டூடியோ மூடும் நாளில் விளக்கு ஒரு வாசல் வழியாகவும் நெகட்டிவ் வேறொரு வாசல் வழியாகவும் போகிறது. விளக்கு வாங்க வருகிறவர்தான் அந்தப் பரணைப் பார்க்கும் கடைசி வெளியாள்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை ஆவணமாகக் கருதிச் சேகரித்த முயற்சி ஒன்று இருக்கிறது. ஆய்வாளர் ஸோயி ஹெட்லியின் பொறுப்பில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சார்பில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு 2010களில் நடந்த பணி அது. சுயமும் குடும்பமும் படத்தில் எவ்வாறு தோன்றின என்பதே அதன் பொருள். பழைய படங்களைப் படியெடுத்து இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்தார்கள். மாலையிட்ட மணமக்கள், சடைக் கண்ணாடி, இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உறவினர் சூழ நின்ற படம் என்று நம் வீட்டுச் சுவர்களில் பார்த்துப் பழகியவற்றை அங்கே ஒருசேரப் பார்க்கும்போது அவை ஒரு சமூகத்தின் பதிவேடாகத் தெரிகின்றன. நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் கல்வெட்டுக்கும் ஓலைக்கும் காட்டும் அக்கறையில் நூற்றில் ஒரு பங்கை இதற்குக் காட்டினால் போதும் என்று நாங்கள் பலமுறை சொல்லியிருக்கிறோம். கல்வெட்டில் இடம்பெற ஒருவன் நிலமாவது கொடுத்திருக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குச் சில ரூபாய் போதுமாயிருந்தது.

காலம் நம் வசதிக்காகக் காத்திருக்காது என்பதை 2023 டிசம்பர் காட்டியது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுவிட்டது. திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி நீரில் மூழ்கியது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள்கூட இதை எதிர்பார்க்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் வீடுகளின் முன்னே காய்ந்துகொண்டிருந்தவற்றில் ரேஷன் கார்டும் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் கல்யாண ஆல்பமும் இருந்தன. பத்திரத்துக்கு நகல் வாங்கலாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஆல்பத் தாள்களைப் பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறது. நனைந்த படத்தை உடனே காயவிடாமல், சுத்தமான நீரில் மிதக்கவிட்டு மெல்லப் பிரித்து, படப் பக்கம் மேலிருக்கும்படி நிழலில் உலர்த்தினால் சில தப்பும். அன்று இதை எங்களிடம் கேட்டு வந்தவர்களுக்குச் சொன்னோம். பெரும்பாலோர் அதற்குள் வெயிலில் போட்டிருந்தார்கள். எந்த ஆற்றின் நீரால் அந்த முகங்களுக்கு வெளிச்சம் வந்ததோ அதே ஆறு.

படியெடுக்கும் வேலைக்குப் பழைய ஃபிளாஷ் மிகப் பொருத்தமானது. படத்தைக் கிடைமட்டமாக வைத்து, இருபுறமும் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் சம தூரத்தில் இரண்டு விளக்குகள். நெடுங்காலம் கழிந்த கறுப்பு வெள்ளைப் படங்களின் கரும்பகுதிகளில் வெள்ளி மேலெழுந்து நீலப் பளபளப்பாக மின்னும். சாதாரண வெளிச்சத்தில் அந்த மினுக்கம் முகத்தையே மறைத்துவிடும். விளக்குகளின் முன்னே ஒளியை ஒருதிசைப்படுத்தும் தாளை மாட்டி, வில்லையின் முன்னே அதே வகைக் கண்ணாடியைக் குறுக்காகத் திருப்பினால் மினுக்கம் அடங்கி அடியிலிருக்கும் முகம் எழுந்துவரும். இரண்டு தாள்களும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் விசை மிகுந்த விளக்கு வேண்டும். புதிதாக வாங்க எங்களைப் போன்றவர்களுக்கு வசதியில்லை. வண்ணம் மாறாத, சூடேற்றாத, கை நடுக்கம் பதியாத வெளிச்சம் இந்த விலையில் வேறெதிலும் கிடைப்பதில்லை.

மேற்சொன்ன ஸ்டூடியோவின் பெட்டிகளில் ஏறத்தாழ பாதியை இதுவரை பார்த்து முடித்திருக்கிறோம். உறைகளின் மேல் பென்சிலால் எண், நாள், பெயர். பெயரில்லாதபோது ‘முக்கூடல் பீடி’, ‘சேரன்மகாதேவி டீச்சர்’, ‘ஆலை நைட் ஷிப்டு’ என்பது போன்ற அடையாளம். பணம் செலுத்திப் படத்தை வாங்காமல் போனவர்களின் உறைகள் தனிக்கட்டு. அவர்களில் யாரேனும் இப்போது வந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார், பாக்கித் தொகை வேண்டாமாம். அடுத்து கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சிப் பக்கங்களில் மூடிய ஸ்டூடியோக்களின் பரண்களைப் பார்க்க எண்ணியிருக்கிறோம். கடையம் ஆற்றங்கரையில் பிறந்த நண்பர்கள் தங்கள் வீட்டுப் படங்களின் பின்பக்கத்தில் ரப்பர் முத்திரை ஏதேனும் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துச் சொன்னால், எந்த ஊரில் எந்த ஆண்டில் ஸ்டூடியோ இருந்தது என்ற பட்டியலில் சில இடைவெளிகளை நிரப்பிக்கொள்வோம்.